ஹெலிபக்கை எதை வைத்து எடை போடுவது? வின்னிபெக் கோல்காப்பு பற்றிய பேச்சு

தேவகோட்டை வாசகர் கேட்டது, 19 மே 2025

அண்ணே, கனடாவின் வின்னிபெக்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் நீங்கள், அதனால் கேட்கிறேன். என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் வின்னிபெக் அணியின் கோல்கீப்பர், அதாவது கோலி, கானர் ஹெலிபக். சேவ் சதவீதம் சீசன் முழுக்க .925. கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் வந்ததும் .866. முதல் சுற்றில் செயின்ட் லூயிஸில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் நடுவிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். நேற்று டல்லாஸிடம் தோற்று மூட்டை கட்டியாயிற்று. இவரைப் போய் உலகத்தின் முதல் கோலி என்று எக்ஸ்ஜி, அது இது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய ஆட்டத்தில் நிற்காதவர் கோலியே இல்லை. அந்தக் கணக்கெல்லாம் வீண்.

19 மே 2025, இரவு

தம்பி, வீண் என்று ஒரே போடாகப் போட வேண்டாம். இந்த மனிதரின் ஆட்டத்தை வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பல இரவு பார்த்தவன் நான். இப்போது காரைக்குடியில் விடிகாலை ஆறரைக்கு எழுந்து பார்க்கிறேன். கண்ணால் பார்த்ததையும் எண்ணையும் சேர்த்து வைத்தே பேசுகிறேன்.

சேவ் சதவீதம் என்பது கோலை நோக்கி வந்த ஷாட்டில் எவ்வளவு பங்கைக் கோலி தடுத்தார் என்பது. பெயர்தான் சதவீதம், எழுதுவது ஆயிரத்துக்கு. .925 என்றால் ஆயிரம் ஷாட்டில் 925 நின்றது, 75 உள்ளே போனது. இந்த சீசனில் லீக் சராசரி .900 ஒட்டி இருந்தது. பத்து வருடம் முன்பு .915 சர்வசாதாரணம். ஆகவே பழைய கோலியின் எண்ணை இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் அப்படியே வைத்துப் பேசக் கூடாது.

ஹெலிபக் 63 ஆட்டம் ஆடினார். 47 வெற்றி, 8 ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்), ஆட்டத்துக்கு விட்டது 2.00 கோல். அவர் மேல் வந்த ஷாட் சுமார் 1,660. சராசரிக் கோலி அதில் 166 விட்டிருப்பார். இவர் விட்டது சுமார் 125. வித்தியாசம் 41 கோல். இந்த லீக்கில் ஆறு கோலுக்கு ஒரு வெற்றி என்று தோராயமாக வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் இந்த ஒரு ஆளால் ஏழு வெற்றி, அதாவது 14 புள்ளி. வின்னிபெக் 116 புள்ளியோடு லீக்கில் முதலிடம் வந்தது. அந்தப் பதினாலைக் கழித்தால் பிளேஆஃபுக்குள் வருவார்கள், முதலிடம் கிடைத்திருக்காது.

வெற்றி எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை. 47 பெரிய எண்தான்; ஒரு சீசனின் சாதனையான 48க்கு ஒன்றே குறைவு, அந்த 48 மார்ட்டின் ப்ரோடருக்கும் ப்ரேடன் ஹோல்ட்பிக்கும் சொந்தம். ஆனால் முன்னால் ஆடுகிறவர்கள் ஐந்து கோல் போட்டால் கோலி நான்கு விட்டாலும் வெற்றிதான். அதை எப்படிக் கோலியின் கணக்கில் எழுதுவது?

20 மே 2025, காலை

பிளேஆஃபுக்கு வருகிறேன். 13 ஆட்டம், சுமார் 280 ஷாட். சீசனின் 1,660க்குப் பக்கத்தில் இது ஆறில் ஒரு பங்குதான்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கோலியின் வேலையில் அதிர்ஷ்டம் ரொம்பப் பெரிய பங்கு. தடுப்பாட்டக்காரர் காலில் பட்டுத் திரும்பும் பக் (பந்துக்குப் பதில் இங்கே ரப்பர் வட்டு), கம்பத்தில் பட்டு வெளியே போகும் பக், கம்பத்தில் பட்டு உள்ளே விழும் பக். உண்மையான திறமை .900 உள்ள ஒருவருக்கு 1,660 ஷாட்டில் அதிர்ஷ்டம் மட்டுமே எண்ணை ஆயிரத்துக்கு ஏழு மேலேயோ கீழேயோ ஆட்டிவிடும். .893 வந்தாலும் .907 வந்தாலும் ஆள் அதே ஆள்தான். 280 ஷாட்டில் அந்த ஆட்டம் பதினெட்டு. .882 முதல் .918 வரை எது வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. .882 என்றால் விரட்டச் சொல்வோம், .918 என்றால் தோளில் தூக்குவோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் பாதிக்கு மேல் தற்செயல்.

21 மே 2025

பள்ளத்தூரிலிருந்து புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். .925க்கும் .866க்கும் நடுவில் 59 இருக்கிறதே, பதினெட்டு ஆட்டும் என்றால் இது மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்றே, இதையும் தற்செயல் என்று தள்ளிவிடுவீர்களா என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி, சார். இரண்டு படியாகப் பார்க்கிறேன்.

முதல் படி, ஹெலிபக் உண்மையில் .925 கோலி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு சீசனில் உச்சத்தில் வந்த எண்ணில் திறமையும் இருக்கும், நல்ல காலமும் இருக்கும். அதனால் அவருடைய 1,660 ஷாட்டோடு சராசரி ஷாட் 1,500ஐக் கலந்துவிடுவேன். 1,500 என்பது என் தேர்வு. ஒரு முதல்நிலைக் கோலியின் ஏறத்தாழ ஒரு சீசன் வேலை அது. கலந்தால் .913 வரும். அடுத்த வருடம் அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது அதுதான். இதே முறையில் பிளேஆஃபின் 280 ஷாட்டையும் உள்ளே சேர்த்தால் .909 வரும். அதாவது அந்தப் பதின்மூன்று ஆட்டம் என் மதிப்பீட்டை ஆயிரத்துக்கு நாலு இறக்குகிறது. பூஜ்யமும் இல்லை, உலகமே இடிந்து விழவும் இல்லை.

இரண்டாவது படிதான் உங்கள் பக்கம் சாய்கிறது. .913 கோலிக்கு 280 ஷாட்டில் .866 வருவது நூற்றில் ஒரு முறை கூட நடக்காது. வெறும் .900 கோலிக்கே நூற்றில் மூன்று முறைதான். மோசமாக ஆடிய ஒருவரை நாமே தேடிப் பிடித்து வைத்துப் பேசுகிறோம் என்பதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும் மீதி இருக்கிறது. போதாததற்கு பிளேஆஃபில் 2023இல் வேகஸுக்கு எதிராக .886, 2024இல் கொலராடோவுக்கு எதிராக .870. நேற்றுக் காலை எழுதும்போது தற்செயல் பக்கம் அழுத்தமாகச் சொன்னேன். இந்த மூன்று வருடத்தையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபின் அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வந்த ஷாட்டுகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும்.

24 மே 2025

எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்ப்புக் கோல். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர்களைப் பற்றிச் சொல்வார். மூன்று வருடக் கெடு முடிந்து மேலாள் ஊர் திரும்பியதும் முதலாளி ஐந்தொகையை எடுத்து வைத்து உட்காருவார். லாபத்தை மட்டும் பார்த்து ஆளை எடை போடும் முதலாளி ஏமாந்து போவார். ஒருவர் கைக்கு வந்தது நல்ல வயலின் மேல் கொடுத்த கடன், தானாக வசூலாகும். இன்னொருவர் கைக்கு வந்தது முந்தைய ஆள் விட்டுப்போன வராக்கடன். அதில் பாதியை வசூலித்தாலே அவர் கெட்டிக்காரர். விவரம் தெரிந்த முதலாளி, இந்தக் கடன்களை வைத்துக்கொண்டு சாதாரண மேலாள் எவ்வளவு வசூலித்திருப்பார் என்று முதலில் மனக்கணக்குப் போட்டு, அதற்கு மேல் வந்ததைத்தான் ஆளின் திறமை என்பார்.

எக்ஸ்ஜி செய்வதும் அதுவே. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்பு. எவ்வளவு தூரம், என்ன கோணம், மணிக்கட்டு ஷாட்டா ஸ்லாப் ஷாட்டா, வழியில் மட்டை வைத்துத் திருப்பியதா, கோலி மேல் பட்டுத் திரும்பிய ரீபவுண்டா, வேகமாக ஓடிவந்து அடித்ததா, எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் ப்ளேயா. பல வருட ஷாட்டுகளை அலசி, இந்த மாதிரி ஷாட் எத்தனையில் ஒன்று கோலாகும் என்று சொல்வார்கள். தூரத்தில் உள்ள நீலக் கோட்டிலிருந்து வரும் ஷாட் நூற்றுக்கு இரண்டு மூன்று. வலை வாசலில் கிடைக்கும் ரீபவுண்ட் நூற்றுக்கு இருபது முப்பது கூட ஆகலாம். வந்த ஷாட்டின் மதிப்பையெல்லாம் கூட்டி, விட்ட கோலைக் கழித்தால் கோலி காப்பாற்றியது எவ்வளவு என்று தெரியும். மணிபக் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணக்கில் ஹெலிபக்கின் இந்த சீசன் எண் கிட்டத்தட்ட 40.

நான் சேவ் சதவீதத்தை வைத்துப் போட்ட 41ஐ நினைத்துப் பாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கின்றன. வின்னிபெக் தடுப்பாட்டம் கட்டிக் காத்ததால்தான் அவருக்கு எண் ஏறியது என்ற வாதம் சீசனைப் பொறுத்தவரை பெரிதாக நிற்கவில்லை.

25 மே 2025

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஆச்சி ஒருவர் கேட்டது: வின்னிபெக் மொத்தம் 191 கோல் வாங்கியது என்று போட்டிருக்கிறார்கள், இரண்டு கோலிகளின் கணக்கையும் கூட்டினால் அவ்வளவு வரவில்லையே?

கடைசி நிமிடங்களில் கோலியை வெளியே எடுத்துவிட்டு ஓர் ஆட்டக்காரரைக் கூடுதலாக இறக்குவார்கள், ஆச்சி. அப்போது காலி வலையில் விழும் கோல் அணியின் கணக்கில் ஏறும், கோலியின் கணக்கில் ஏறாது. கோலியைப் பற்றிப் பேசும்போது அணி வாங்கிய மொத்த கோலை எடுக்காதீர்கள்.

29 மே 2025

இதுதான் எனக்கு முக்கியமான பகுதி.

பொதுவில் கிடைக்கும் எக்ஸ்ஜி எல்லாம் லீக் வெளியிடும் ஆட்டக் குறிப்பிலிருந்து வருகிறது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் குறிப்பாளர் ஷாட் எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிக்கிறார். இந்தக் குறிப்பு அரங்குக்கு அரங்கு மாறும். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஷாட்டுகளை உண்மையைவிட வலைக்கு நெருக்கமாகக் குறித்து வந்தது ஆய்வாளர்கள் நடுவே பேர்போன விஷயம். அந்த அரங்கில் பாதி ஆட்டம் ஆடும் கோலிக்கு ஒவ்வொரு ஷாட்டும் கஷ்டமானதாகப் பதிவாகும். அவர் எண் தானாக ஏறும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, அந்தக் குறிப்பில் கோலிக்கு முன்னால் யார் நின்றார்கள் என்பது இல்லை. பக் அதற்கு முன் எங்கிருந்து பாஸாக வந்தது என்பதும் இல்லை.

வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் இது முகத்தில் அறைகிற மாதிரி தெரியும். எதிரணித் தடுப்பாட்டக்காரர் நீலக் கோட்டில் பக்கை நிறுத்துகிறார். அங்கிருந்து கோல் கோடு 64 அடி. ஹெலிபக் ஆறடி நாலு அங்குலம். முழங்காலை மடக்கி, கையுறையை இடுப்பு உயரத்தில் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். நல்ல நாளில் அவர் அசைவதே தெரியாது. பக் அடிக்கப்படும் முன்பே இருக்க வேண்டிய இடத்துக்கு வந்திருப்பார், பக் வந்து மார்பில் ஒட்டிக்கொள்ளும். அவருடைய ஆட்டமே அதுதான்: முன்கூட்டிப் பார்ப்பது, குறைவாக நகர்வது. இப்போது எதிரணியில் ஒருவர் வந்து அவர் மூக்குக்கு முன்னால் முதுகைக் காட்டி நிற்கிறார். அவரைத் தள்ள வந்த வின்னிபெக் ஆளும் பக்கத்தில் நிற்கிறார். இரண்டு முதுகு, நான்கு கால். ஹெலிபக் கழுத்தை இடப்பக்கம் நீட்டுகிறார், வலப்பக்கம் நீட்டுகிறார், இடுப்பை மடக்கிக் கால்களின் இடுக்கு வழியாகப் பார்க்கிறார். மணிக்கு 90 மைல் வேக ஷாட் அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. அதில் பாதி வழி வரை பக் அவர் கண்ணில் படவில்லை. போதாக்குறைக்கு முன்னால் நிற்பவர் மட்டையை நீட்டித் திருப்பியும் விடுகிறார்.

இந்த ஷாட்டும் ஆளே இல்லாமல் நேராக வரும் நீலக் கோட்டு ஷாட்டும் பொதுக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே. நூற்றுக்கு இரண்டு மூன்று. உண்மையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

செயின்ட் லூயிஸ் இதைத்தான் விடாமல் செய்தது. வலை முன்னால் கூட்டம் போட்டார்கள், கூட்டத்தின் ஊடே அடித்தார்கள். அந்தத் தொடரில் ஹெலிபக் .830. அடுத்து டல்லாஸுக்கு எதிராக இரண்டு ஷட்அவுட், இரண்டும் 4-0, இரண்டும் வின்னிபெக்கில். கடைசி ஆட்டம் டல்லாஸில் 2-1, அதுவும் ஓவர்டைமில் பவர் ப்ளேயில் விழுந்த கோல். மனம் உடைந்து போனவர் இப்படி ஆடுவாரா, தம்பி? எனக்கு அவர் உடைந்ததாகத் தெரியவில்லை. பார்வையை மறைத்தால் இவருடைய பாணி மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கப்படுகிறது என்றுதான் தெரிகிறது. அது உண்மையான குறை. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறைக்கு மருந்து பாதி அவரிடமும் பாதி அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களிடமும் இருக்கிறது.

30 மே 2025

நேற்று எழுதியதில் பாஸ் பற்றிச் சொல்லாமல் விட்டேன். முன்னாள் கோலி ஸ்டீவ் வலிகெட் வலையின் நடுவிலிருந்து நேராக ஒரு கோட்டைக் கற்பனை செய்து அதற்கு ராயல் ரோடு என்று பேர் வைத்தார். ஷாட்டுக்கு முன் பாஸ் அந்தக் கோட்டைக் குறுக்கே கடந்துவிட்டால் கோலி முழுதாகப் பக்கம் மாற வேண்டும். கோல் விழும் வாய்ப்பு பல மடங்கு. அவருடைய நிறுவனம் வீடியோ பார்த்து இதைக் குறித்து அணிகளுக்குக் கொடுக்கிறது. லீக்கும் இப்போது பக்கினுள் கருவி வைத்து நொடிக்கு 60 முறை இடத்தைப் பதிகிறது. அந்தத் தகவல் முழுதும் வெளியே வந்தால் நாம் இங்கே அடித்துக்கொள்ளும் பாதி விஷயம் தீர்ந்துவிடும்.

4 ஜூன் 2025

அணியின் கோல்காப்பு என்றால் ஒரு கோலி மட்டும் இல்லை. மாற்றுக் கோலி எரிக் காம்ரி 20 ஆட்டம் ஆடி .914 எடுத்தார், ஆனால் வெற்றி ஒன்பதுதான். வெற்றி எண்ணிக்கையை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒருவர் கேட்டிருக்கிறார்: மாற்றுக் கோலியே .914 என்றால் வின்னிபெக்கில் யார் நின்றாலும் எண் ஏறும் என்றுதானே அர்த்தம்? ஒரே அணியின் இரண்டு கோலிகளை ஒப்பிடுவது நல்ல முறைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் காம்ரி வாங்கியது சுமார் 550 ஷாட். அவ்வளவு குறைந்த ஷாட்டில் அதிர்ஷ்டம் மட்டுமே ஆயிரத்துக்குப் பதின்மூன்று ஆட்டும். சராசரிக் கோலி நல்ல காலத்தில் .914 எடுக்க எந்தத் தடையும் இல்லை. அதோடு மாற்றுக் கோலிக்கு எந்த ஆட்டம் கொடுக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் ஒன்று அவருக்குப் போகும். முன்னால் ஆடுகிறவர்கள் களைத்திருப்பார்கள்.

இரண்டு பேரையும் சேர்த்தால் சுமார் 2,200 ஷாட், சராசரியைவிட ஏறத்தாழ 50 கோல் குறைவு. ஒரு அணிக்கு இது பிரமாதமான வருடம். காம்ரிக்கு நல்ல பேர் கொடுக்க வேண்டும், அவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

13 ஜூன் 2025

ஹெலிபக்குக்கு வெசினா, ஹார்ட் விருதுகள் இரண்டும் கிடைத்துவிட்டது. வெசினா என்பது லீக்கின் சிறந்த கோலிக்கு. அது அவருக்கு மூன்றாவது முறை. 2020, 2024, இப்போது. ஹார்ட் என்பது லீக்கிலேயே தன் அணிக்கு மிக முக்கியமானவருக்கு. ஒரு கோலி வாங்குவது 2015இல் கேரி ப்ரைஸுக்குப் பிறகு இதுதான். அதற்குள் தேவகோட்டைத் தம்பி, "பிளேஆஃபைப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்கள்" என்று அனுப்பியிருக்கிறார். அந்த விருதுக்கு ஓட்டுப் போடுவது சீசன் முடிந்த கையோடு, பிளேஆஃப் தொடங்கும் முன். விதியே அப்படித்தான். எனக்கு மகிழ்ச்சி. உழைத்து வாங்கிய பரிசு.

18 ஜூன் 2025

இன்று காலை ஃபுளோரிடா மறுபடியும் லீக் கோப்பை வாங்கிவிட்டது. அவர்கள் கோலி செர்ஜி பாப்ரோவ்ஸ்கி. இவரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் "பெரிய ஆட்டத்துக் கோலி" என்றால் எல்லோரும் இவரைத்தான் காட்டுகிறார்கள்.

2022-23 சீசனில் .901, பிளேஆஃபில் .915. அடுத்த வருடம் சீசனில் .915, கோப்பை வென்ற பிளேஆஃபில் .906. இந்த வருடம் சீசனில் .905, பிளேஆஃபில் .914. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. கோப்பை வென்ற ஒரு வருடத்தில் பிளேஆஃப் எண் சீசன் எண்ணைவிடக் குறைவு. பெரிய ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு நெஞ்சுரம் இருந்தால் அது ஒரு வருடம் விட்டு ஒரு வருடமா வரும்?

இன்னொரு கோலி லைனஸ் உல்மார்க்கையும் பாருங்கள். 2022-23இல் பாஸ்டனுக்கு .938, வெசினா, அணிக்கு 65 வெற்றி, 135 புள்ளி. லீக் வரலாற்றிலேயே அதிகம். முதல் சுற்றிலேயே 3-1 என்று முன்னிலை வைத்து ஃபுளோரிடாவிடம் தோற்றார்கள். அடுத்த வருடம் உல்மார்க் .915. ஒட்டாவா போனபின் .910. அதே பாஸ்டனில் அவரோடு மாறி மாறி நின்ற ஜெரமி ஸ்வேமன் அந்த வருடம் .920, இந்த வருடம் .892. ஒரு சீசன் எண்ணை நம்பிப் பல வருட ஒப்பந்தம் போடும் மேலாளர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஹெலிபக் அந்தப் பரீட்சையில் தேறுகிறார் என்பதுதான் என் வாதத்தின் அடித்தளம். 2023-24இல் 60 ஆட்டம், .921. இந்த வருடம் 63 ஆட்டம், .925. இவ்வளவு ஷாட்டில், இவ்வளவு காலம், தற்செயலாக மேலே நிற்க முடியாது. பிளேஆஃபிலும் 2018இல் மேற்கு இறுதிச் சுற்று வரை .922 எடுத்தவர் இவரேதான்.

30 நவம்பர் 2025

நேற்று மதுரை ரேஸ்கோர்ஸில் ஜூனியர் உலகக் கோப்பை பார்த்தேன். இது நம்ம ஹாக்கி, புல்தரை ஹாக்கி. ஆனாலும் இந்தப் பேச்சுக்கு ஒட்டி வருவதால் இங்கேயே எழுதுகிறேன். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ்ஸில் போய்விட்டு ராத்திரி திரும்பினேன். நம்ம ஊர்ப் பக்கத்தில் நீலத் தரையில் தண்ணீர் தெறிக்க உலகக் கோப்பை ஆட்டம். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இந்தியா 17, ஓமன் 0. பாகிஸ்தான் விலகியதால் ஓமனைச் சேர்த்தார்கள். என் கண் முழுக்க ஓமன் கோல் வாசலில்தான் இருந்தது. ஒரு பந்தைக் காலால் தள்ளினால், தள்ளிய பந்து நேராக இன்னொரு இந்திய மட்டைக்குப் போகிறது. முதல் ஷாட்டைத் தடுத்து, ரீபவுண்டைத் தடுத்து, மூன்றாவதில் விழுந்த கோல்களைப் பார்த்தேன். ஸ்கோர்போர்டில் அதுவும் ஒன்றுதான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோல் எண்ணிக்கையை வைத்துக் கோலியை எடை போடுவது எவ்வளவு அநியாயம் என்று காட்ட இதைவிட வேறு ஆட்டம் தேவையில்லை.

ஐஸ் ஹாக்கி வலை ஆறடிக்கு நாலடி, 24 சதுர அடி. புல்தரை ஹாக்கி கோல் பன்னிரண்டுக்கு ஏழு, 84 சதுர அடி. மூன்றரை மடங்கு. அதனால் அங்கே .900 என்ற எண்ணை இங்கே எதிர்பார்க்கவே கூடாது. இங்கே பெனால்டி கார்னரைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் எண்ண வேண்டும். கார்னர் என்பது கோலிக்கு எங்கிருந்து வரும் என்று தெரிந்த ஷாட், ஆனால் மட்டையால் பந்தை இழுத்து வீசும் ட்ராக் ஃப்ளிக்கின் வேகமும் முன்னால் ஓடி வருகிறவர்களும் சேர்ந்தால் பார்வை மறைகிறது. மே மாதம் பார்வையை மறைப்பது (ஸ்க்ரீன்) பற்றி எழுதியது அப்படியே இங்கும் பொருந்தும். யாராவது பொறுமையாக வீடியோ பார்த்து நம்ம லீக் ஆட்டங்களுக்கு இப்படி ஒரு ஷாட் பதிவேடு போட்டால் நன்றாக இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் யாராவது முன்வந்தால் நான் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத் தயார்.

8 டிசம்பர் 2025

சென்னையில் காலிறுதி, பெல்ஜியத்தோடு 2-2. ஷூட்அவுட்டில் கோலி பிரின்ஸ்தீப் சிங் நின்று தடுக்க இந்தியா 4-3 என்று தாண்டியது. பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். இரண்டு நாளில் அரையிறுதி, ஜெர்மனியிடம் 5-1 தோல்வி. ஊரில் வெள்ளிக்கிழமை கொண்டாடியவர்களே ஞாயிற்றுக்கிழமை கோல்காப்பைத் திட்டுகிறார்கள். ஷூட்அவுட் என்பது அஞ்சாறு ஷாட். அதில் நின்றதற்காக அந்தப் பையனை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அவர் எவ்வளவு நல்ல கோலி என்று அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர மாட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம்.

14 டிசம்பர் 2025

நவம்பரில் ஹெலிபக்குக்கு முழங்காலில் சிறு அறுவை சிகிச்சை. அவர் இல்லாத வாரங்களில் வின்னிபெக் தடுமாறியது. உடனே இரண்டு பக்கமும் கடிதம். "பார்த்தீர்களா, அவர் இல்லாமல் அணியே இல்லை" என்று ஒரு பக்கம், "போன வருடம் நன்றாக ஆடிய காம்ரி எங்கே போனார்" என்று இன்னொரு பக்கம். இருவருக்கும் சொல்வது ஒன்றுதான்: அந்த வாரங்களின் ஷாட் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. என் பக்க வாதத்துக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக அதை எடுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

16 டிசம்பர் 2025

ஸ்கார்பரோ ஆச்சி மறுபடி: தனக்கு இவ்வளவு படிக்க நேரமில்லை, பேரனோடு ஆட்டம் பார்க்கும்போது ஒரே ஓர் எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் எது?

நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் தளத்துக்குப் போங்கள், ஆச்சி. கோலிகள் பக்கத்தில் தொடக்க சீசன், முடிவு சீசன் இரண்டையும் நாமே தேர்வு செய்யலாம். மூன்று சீசனைப் போடுங்கள். ஐந்துக்கு ஐந்து ஆட்டக்காரர்கள் இருக்கும் நேரத்தை மட்டும் வடிகட்டுங்கள். பவர் ப்ளே அணிக்கு அணி ரொம்ப மாறும். அதில் சராசரியைவிடக் காப்பாற்றிய கோல் என்று ஒரு பத்தி இருக்கும். ஆடிய ஆட்டம் கூடக் கூட அதுவும் கூடும், அதனால் ஷாட் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூறு ஷாட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஒரு கோல் காப்பாற்றுகிறவர் நல்ல கோலி. இரண்டு என்றால் அபூர்வம். அப்புறம் ஆட்டம் நடக்கும்போது பேரனிடம் சொல்லுங்கள், கோல் விழுந்ததும் ரீப்ளேயில் பக்கைப் பார்க்க வேண்டாம், கோலியின் தலையைப் பார்க்கட்டும். கழுத்தை நீட்டித் தேடுகிறாரா, நேராகப் பார்க்கிறாரா என்று அவனே ஒரு நோட்டில் குறித்து வரட்டும். சீசன் முடியும்போது அதை எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன்.